செட்டிங்ஸ் தின்ற ஞாயிற்றுக்கிழமைகள்

கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் பிள்ளைப்பாக்கத்தில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது குறைவு. இரண்டாயிரத்துப் பத்தில் தொடங்கியது அந்த வாழ்க்கை. அவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார்த் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கிற பிரிவில் வேலை பார்த்தார். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட், ஒரு வாரம் நைட். நான் ஒரகடத்தில், காருக்கு ஸ்விட்ச்சும் மீட்டரும் செய்கிற ஒரு கம்பெனியில் மென்பொருள் எழுதினேன். எனக்கு எப்போதும் ஜெனரல் ஷிப்ட், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற வேலை.

மதிய ஷிப்ட் வாரத்தில் நான் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் திரும்பும்போது நான் தூங்கிவிட்டிருப்பேன். நைட் ஷிப்ட் வாரத்தில் நான் வீட்டுக்குள் நுழைகையில் அவர் ஷூ மாட்டிக்கொண்டிருப்பார். காலையில் அவருடைய கம்பெனி பஸ் அவரை இறக்கிவிடுகிற இடத்தில்தான் என் கம்பெனி பஸ் என்னை ஏற்றிக்கொள்ளும். என் பஸ் தாமதமானால் எங்களுக்கு அதிர்ஷ்டம். அவர் கண்கள் சிவந்திருக்கும், சட்டையில் பெயின்ட் வாசனை இருக்கும். "இட்லி மூடி வச்சிருக்கேன். சட்னி கீழ் தட்டுல இருக்கு," என்பேன். "சரி," என்பார். பஸ் வந்துவிடும்.

வீட்டுக்கார அம்மா கீழே இருந்தார். அவர்களுடைய நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபின் மாடியில் இரண்டு போர்ஷன் கட்டி எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவோம். என் கணவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு அதிகம் தெரியும்.

"இன்னாம்மா, அவரு இந்தாண்ட வர்றாரு, நீ அந்தாண்ட போறே. ரெண்டு பேரும் ஒரே வூட்லதான கீறீங்க?" என்று கேட்பார். இன்னொரு நாள், "உங்க வூட்டுக்காரரு இன்னிக்கி சிரிச்சுகினே போனாரும்மா. யார்கிட்டயோ போன்ல பேசிகினு போனாரு," என்றார். பேசியது என்னோடுதான். இருந்தாலும், அவர் சிரித்தபோது முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவர் வீட்டுக்கார அம்மா. அன்றைக்கு எனக்கு அவர்மேல் சின்னப் பொறாமை வந்தது.

எங்களுக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். நாங்கள் இருவரும் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க் கத்தோலிக்கர்கள். ஞாயிறு என்றால் காலையில் பூசை. கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துதான் உட்காருவோம். ஆனால் பூசை முடிந்து வெளியே வந்து, மீன் வாங்கிக்கொண்டு, பேசிக்கொண்டே வீடு வரை நடந்து வருவது இருக்கிறதே, அதற்காகவே நான் அந்த வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் என் வேலை எடுத்துக்கொண்டது.

ஸ்விட்ச் தயாராகிற எங்கள் லைனின் கடைசியில் சோதனை மேசைகள் இருந்தன. முடிந்த ஸ்விட்ச்சை ஒரு பெண் அதில் பொருத்தி மூடியை அழுத்துவாள். கம்ப்யூட்டர் அதில் மின்சாரம் விட்டுப் பார்த்துப் பச்சையோ சிவப்போ காட்டும். எந்த மாடலுக்கு எத்தனை வோல்ட் வரை சரி, எவ்வளவு நேரம் பொறுத்திருக்கலாம், பார்கோடு ஸ்கேனர் எந்த போர்ட்டில் இருக்கிறது, ஸ்டிக்கர் அடிக்கிற பிரிண்டரின் பெயர் என்ன என்பதெல்லாம் செட்டிங்ஸ். ஒவ்வொரு செட்டிங்கையும் நாங்கள் மூன்று இடங்களில் எழுத வேண்டியிருந்தது. செட்டிங்ஸ் கோப்பில் ஒரு முறை, அந்தக் கோப்பைப் படிக்கும் கோடில், அதாவது நாங்கள் எழுதுகிற நிரல் வரிகளில், ஒரு முறை, சூப்பர்வைசர் மாற்றிக்கொள்கிற திரையில் ஒரு முறை. மூன்றும் அச்சாக ஒன்றுபோல இருக்க வேண்டும். புது மாடல் வந்தால் மூன்றையும் மாற்ற வேண்டும். லைன் ஓடும்போது அதில் கை வைக்க முடியாது. லைன் நிற்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

அந்த வருஷங்களில் புது மாடல் வராத மாதமே இல்லை. நான் கம்பெனிக்குப் போவேன். அவர் தனியாகப் பூசைக்குப் போய்விட்டுத் தனியாக நடந்து வருவார். நான் சாயங்காலம் திரும்பும்போது மீன் குழம்பு ஆறியிருக்கும்.

இரண்டாம் வருஷக் கல்யாண நாள் ஒரு திங்கட்கிழமையில் வந்தது. இரண்டு பேரும் முன்கூட்டியே லீவு சொல்லிவிட்டோம். காஞ்சிபுரம் போய் எனக்கு ஒரு புடவை எடுத்து, அங்கேயே சாப்பிட்டு, இருட்டுவதற்குள் திரும்புவது என்று திட்டம். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். பஸ்ஸுக்கு நிற்கும்போது என் போன் அடித்தது. நான் எடுத்த விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"லைன் நிக்குதாம்," என்றேன்.

"சரி, போ."

"சீக்கிரம் வந்துருதேன். நீங்க இங்ஙனயே நில்லுங்க."

"பஸ் ஸ்டாப்புலயா?" என்று சிரித்தார். "நீ போய்ட்டு வா புள்ள. நான் வீட்ல இருக்கேன்."

முந்தின நாள் மாற்றிய செட்டிங்ஸில்தான் கோளாறு. கோப்பில் 'ஸ்கேன்போர்ட்' என்று இருந்தது. கோடு 'ஸ்கேனர்போர்ட்' என்று தேடியது. தேடிய பெயர் கிடைக்காததால் தனக்குத் தெரிந்த பழைய போர்ட்டையே எடுத்துக்கொண்டது. புது ஸ்கேனர் வாயே திறக்கவில்லை. கண்டுபிடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. கண்டுபிடித்த பிறகு மற்ற மேசைகளையும் ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார்கள். நான் வீடு திரும்பியபோது தெருவில் விளக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். காலையில் போட்ட புதுச் சட்டையைக் கழற்றாமலே அவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்.

அந்த வாரமே ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் மனுஷி எழுதினால் ஏதாவது ஓரிடத்தில் பிசகத்தான் செய்யும். ஓரிடத்தில் மட்டும் எழுதுவோம், மற்ற இரண்டையும் கம்ப்யூட்டரே எழுதட்டும் என்று நினைத்தேன். என் மேனேஜர் மெட்ராஸ்காரர், நல்ல மனிதர். ஆனால் புதிது என்றாலே பயப்படுவார்.

"ஓடிகினு கீற வண்டிய ஏம்மா பிரிக்கணும்ன்றே?"

"தனியா எழுதிப் பாக்கேன் சார். சரியா வந்தா எடுத்துக்கலாம்."

"இன்னாவோ பண்ணு. ஆனா சண்டே வேலை நிக்கக் கூடாது."

அதனால் அதை வீட்டில்தான் எழுதினேன். அவர் மதிய ஷிப்டில் இருக்கும் வாரங்களில் எனக்குச் சாயங்காலம் முழுக்க வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையை அதற்குக் கொடுத்தேன். எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒரு விவரணை எழுதினேன். அதன் பெயர் என்ன, அது எண்ணா எழுத்தா, யாரும் எதுவும் சொல்லாவிட்டால் என்ன மதிப்பு, எதற்குக் கீழே போகக் கூடாது, எதற்கு மேலே போகக் கூடாது, கடைசியாக, அது எதற்கு என்று ஒரு வரி. என் நிரல் அந்த விவரணையைப் படிக்கும். படித்துவிட்டு, நான் இத்தனை நாள் கையால் எழுதி வந்த கோடைத் தானே எழுதிக்கொடுக்கும். கோப்பையும் திரையையும் அதே விவரணையிலிருந்து செய்துகொள்ளும். பெயரை நான் ஒரு முறைதான் எழுதுவேன். தப்பாக எழுதினாலும் எல்லா இடத்திலும் ஒரே தப்பாக இருக்கும், லைன் ஓடும்.

அது எதற்கு என்ற அந்தக் கடைசி வரியை முதலில் ஒப்புக்குத்தான் எழுதினேன். போகப் போக அதில் ஆசை வந்துவிட்டது. திரையில் அந்தப் பெட்டிக்குக் கீழே அது தெரியும், சூப்பர்வைசர் படிப்பார் என்பதால் தமிழில் எழுதினேன். 'ஸ்கேனர் பதில் சொல்லும்வரை எத்தனை நொடி காத்திருக்கலாம்' என்று ஒரு நாள் எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அவர் இந்நேரம் டீ பிரேக்கில் இருப்பார் என்று தோன்றியது. போன் செய்தேன்.

"என்ன விஷயம்?" என்றார், பதறிப்போய்.

"ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

"ஒண்ணும் இல்லாமயா கூப்ட்ட?"

"ஆமா."

அவர் பக்கத்தில் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது. "சரி, அப்பப்ப சும்மா கூப்டு," என்றார்.

நிரல் முதலில் எழுதிக்கொடுத்த கோடு கம்பைல் ஆகவில்லை, ஓடும் நிலைக்கே வரவில்லை. எண்களை எல்லாம் எழுத்தாக நினைத்துக்கொண்டிருந்தது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்தாக வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். தப்பு என் மேசையில், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் கண்ணில் பட்டது. இதற்காக லைனில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. திருத்தினேன். மறுபடி ஓட்டினேன். நான் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேனோ அப்படியே, வரி வரியாக வந்து விழுந்தது. என் எழுத்துதான், ஆனால் நான் எழுதவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். காட்டுவதற்கு வீட்டில் ஆள் இல்லை. கீழே போய் வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். "அப்டின்னா இனிமே ஞாயித்துக்கெழம வூட்ல இருப்பியா?" என்று கேட்டார். மொத்த விஷயத்தையும் ஒரே கேள்வியில் அவர் பிடித்துவிட்டார்.

ஒரு மேசையில் வைத்துப் பார்த்தோம். பிறகு எல்லா மேசையிலும். அடுத்த மாடல் வந்தபோது விவரணையில் சில வரிகள் சேர்த்தேன், ஷிப்ட் மாறுகிற இடைவெளியில் கோப்புகளை மாற்றினேன், முடிந்தது. மேனேஜர் லைன் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "சண்டே நீ வர வேணாம்மா," என்றார்.

அந்த முதல் ஞாயிறு என்ன செய்தோம் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். பூசை முடிந்து, மீன் வாங்கி, நடந்து வந்தோம். அவர் முந்தின நாள்தான் நைட் வாரத்தை முடித்திருந்தார். வந்ததும், "கொஞ்சம் கண்ண மூடுதேன்," என்று படுத்தவர் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. நான் எழுப்பவில்லை. சமையற்கட்டில் மீன் அலசியதும், அரிசி களைந்ததும், நடுவில் வந்து வந்து அவரைப் பார்த்ததும்தான் அன்றைய நாள். தூங்கும்போது நெற்றியைச் சுருக்குகிற பழக்கம் அவருக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு சில நல்ல ஞாயிறுகள் கிடைத்தன. ஒரு முறை பஸ் மாறி மாறி மாமல்லபுரம் போனோம். அவர் பேன்ட்டை மடித்துவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். "நம்ம கடலு அமைதியா இருக்கும். இது என்ன இந்தச் சத்தம் போடுது," என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் என்னை முன்னால் தள்ளுவதுபோல் தள்ளி விளையாடினார். அவர் இவ்வளவு விளையாட்டுக்காரர் என்பதே எனக்குப் புதிது.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் நிற்கவில்லை. என் நிரலைப் பற்றி மேனேஜர் பெருமையாக எங்கேயோ சொல்ல, புனேயில் இருக்கிற எங்கள் இன்னொரு தொழிற்சாலையிலும் அதைப் போட வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டார்கள். "நீதான் போகணும்மா. ஒரு மூணு மாசம். உனக்கு நல்லதுதான்," என்றார் மேனேஜர். அவர் உண்மையிலேயே நல்லது என்றுதான் நினைத்தார்.

வீட்டில் சொன்னேன். அது காலை ஷிப்ட் வாரம், அதனால் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"நீ செஞ்சது. நீதான போகணும்," என்றார்.

"மூணு மாசம்."

"மூணு மாசந்தான."

அவர் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் காத்திருந்தேன். போக மாட்டேன் என்று நான் சொல்வேன் என அவர் காத்திருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம். அவர் தட்டையும் சேர்த்து எடுத்துப்போய்க் கழுவினேன்.

புனேயில் குளிர் ஆரம்பித்திருந்தது. கம்பெனி விடுதியில் ஓர் அறை. அங்கே மேசைகள் வேறு, மாடல்கள் வேறு, பழைய கோடு யார் யாரோ எழுதிய கோடு. ஒவ்வொரு செட்டிங்கும் எதற்கு என்று கேட்டுக் கேட்டு விவரணை எழுதினேன். அந்தக் கடைசி வரியை நான் ஆங்கிலத்தில் சொல்ல, அங்கிருந்த இரண்டு இளைஞர்கள் மராத்தியில் எழுதினார்கள். மூன்று மாதம் என்றது நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு லைன் பாக்கி என்றார்கள்.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவரைப் பார்க்காமல் இருந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. அங்கே நான் வரும்போது அவர் விரித்த பாய் இருக்கும், ஈரத் துண்டு கொடியில் தொங்கும், அவர் குடித்த தம்ளர் இருக்கும். இங்கே எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நடந்துகொண்டே அவர் போன் செய்வார். வழியில் யார் வருகிறார், மீன்காரர் இன்றைக்கு என்ன வைத்திருக்கிறார் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வருவார். நான் விடுதி வராந்தாவில் அவர் வேகத்துக்கு நடந்துகொண்டே கேட்பேன். ஒரு நாள், "இங்க மழை. கேளு," என்று போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது. நீண்ட நேரம் நீட்டியபடியே இருந்தார். அவர் கை நனைந்திருக்கும்.

திடீரென்று ஒரு வாரம் அவர் பேச்சு குறைந்தது. கேட்டால் ஓவர்டைம் என்றார், அசதி என்றார். வியாழக்கிழமை வீட்டுக்கார அம்மா கூப்பிட்டார். அதுவரை அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை.

"அம்மா, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு. நான் சொல்றேன். ஒரு வாரமா ஜொரம். டெங்குன்றாங்க. ஆஸ்பத்திரில ரெண்டு நாளு இருந்துட்டு வந்துட்டாரு. கீழ எங்க வூட்லதான் படுத்துகினு கீறாரு. நீ பயப்படாத. ஆனா வா."

அன்றைக்கே கிளம்பினேன். வேலை பாதியில் நின்றது. அந்த இரண்டு இளைஞர்களிடம் விவரணைக் கோப்பைத் திறந்து காட்டி, எங்கே விட்டேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

வீட்டுக்கார அம்மாவின் கூடத்தில் கட்டிலில் அவர் படுத்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலரவில்லை, கோபம்தான் வந்தது.

"ஏன் வந்த?"

"ஏன் சொல்லல?"

"சொன்னா வந்துருவ."

"வரக் கூடாதா?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே, "வரணும்னுதான் இருந்துச்சு. போறப்பவே போகாதன்னு சொல்லணும்னு இருந்துச்சு," என்றார்.

"சொல்லிருக்கலாம்லா."

"நீ அத்தன நாள் ஒக்காந்து செஞ்சது. நான் எப்படிச் சொல்ல?"

"நீங்க சொல்வீயன்னுதான் அன்னைக்கு உக்காந்திருந்தேன்."

வீட்டுக்கார அம்மா கஞ்சியோடு வந்தார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, கஞ்சியைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, "ஆறிப் பூடும், குடுத்துடு," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் தேறியதும் புனேக்குத் திரும்ப வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அங்கிருந்து போன் வந்தது. மிச்சமிருந்த லைனுக்கு அவர்களே விவரணை எழுதி, கோடு எடுத்து, மேசைகளில் போட்டுவிட்டார்களாம். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்கள், அதுவும் சின்னது. நான் அங்கே போகவே தேவையிருக்கவில்லையோ, விவரணையை எப்படி எழுதுவது என்று ஒரு வாரம் சொல்லிக்கொடுத்திருந்தால் போதுமோ என்று தோன்றியது. நிம்மதியாகவும் இருந்தது, நெஞ்சு கனத்தும் இருந்தது. போன மாதங்கள் போனவைதான்.

அடுத்த வருஷம் அவர் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றம் கேட்டு வாங்கினார். அவருக்கும் ஜெனரல் ஷிப்ட் ஆனது. மகள் பிறந்தாள். தினமும் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் ஏங்கிப் பழகிய உடம்புக்கு அது உடனே புரியவில்லை. அவர் பக்கத்து அறையில் இருக்கும்போதே, வெளியே பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் நான் எழுந்து ஜன்னலுக்குப் போவேன். அவரும் சில நாள் சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, காரணமில்லாமல் என்னைப் பார்த்துவிட்டுப் போவார்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் அவருடைய தங்கை கல்யாணம் வந்தது. எங்கள் கம்பெனியில் புது லைன் தொடங்குகிற நேரம், எனக்குக் கடைசி நாளுக்குத்தான் லீவு கிடைத்தது. அவர் மகளைக் கூட்டிக்கொண்டு முன்னாலேயே ஊருக்குப் போனார். எத்தனையோ நாள் கழித்து வீட்டில் நான் மட்டும். வேலைவிட்டு வந்து, விளக்கைப் போட்டு, ஒரு டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். துக்கமாக இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்துக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

போன் வந்தது. அந்தப் பக்கம் பந்தல் போடுகிற சத்தம், பிள்ளைகள் ஓடுகிற சத்தம்.

"என்ன செய்த?" என்று கேட்டார்.

"சும்மா இருக்கேன். மனசு தேடுது."

"பிள்ளையயா?"

"பிள்ளையயுந்தான்," என்றேன்.

சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கூட்டத்தைவிட்டு வெளியே நடக்கிறார் என்று தெரிந்தது.